காட்டை அறிந்தோரும் காக்கி அணிந்தோரும்: வனக்கல்வியில் யாருக்கு இடம்?

2017 ஜனவரியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டனர். மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் அவ்விருவரும் பாம்பு பிடிப்பதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தினர். வெளியிலிருந்து வந்து பெருகி, அம்மண்ணின் சிற்றுயிர்களையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த அப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அம்மாநிலம் மோப்ப நாய்கள் உட்படப் பல வழிகளை ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தது. வந்திறங்கிய இருளர்கள் இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

செய்தி அதோடு முடிந்துவிட்டதென்றால் நாமும் கைதட்டிவிட்டுக் கலைந்திருக்கலாம். ஆனால் இதே அறிவை உடைய பதினெட்டு வயது இருளர் இளைஞர் ஒருவர், அவ்வறிவைக் காட்டி நம் மாநில வனத்துறையில் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்க முடியும்? வனக்காப்பாளர் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு படி கீழே உள்ள வனக்காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு உண்டு. தடம் பார்த்து விலங்கைச் சொல்வதற்கும், காற்றை முகர்ந்து தீயின் திசையைச் சொல்வதற்கும் அத்தேர்வுகளில் மதிப்பெண் கிடையாது. எஞ்சியிருப்பது வேட்டைத் தடுப்புக் காவலர் என்னும் தொகுப்பூதிய வேலைதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இரவும் பகலும் ரோந்து செல்லும் அந்தப் படையில் பழங்குடி இளைஞர்கள் நிறைந்திருப்பதை அங்குச் சென்றுவந்த எவரும் அறிவர்.

இளைஞர்களுக்குக் காட்டையும் சூழலியலையும் வெளிப்புறத் திறன்களையும் தலைமைப் பண்பையும் கற்றுத்தர வேண்டும் என்னும் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. கோடை வந்தால் இயற்கை முகாம்களுக்கான விளம்பரங்கள் வருகின்றன. பள்ளிகளில் சூழல் மன்றங்கள் இயங்குகின்றன. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் நடக்கிறது. இவற்றை நாம் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகள் காட்டுக்குள் போக வேண்டும், மலையேற வேண்டும், மரங்களின் பெயர் அறிய வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் ஆசை எவரையும்விடக் குறைந்ததன்று. ஆயினும் இந்நாட்டில் வனக்கல்வி பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. நிலத்தின் மீதான அதிகாரத்தைப் பங்கிட்டுத் தரும் கருவியாகவே தொடங்கியது. யாருக்குப் பயிற்சி கிடைத்ததோ அவருக்குச் சீருடை கிடைத்தது. கிடைக்காதவர் கூலியானார், அல்லது குற்றவாளியானார். தலித், பழங்குடி மாணவர்களின் பார்வையிலிருந்து இப்பொருளைப் பேசும்போது இந்த வரலாற்றைத் தாண்டிச் செல்ல வழியில்லை.

சட்டமும் பள்ளியும் ஒரே ஆண்டில்

ஆங்கிலேயர் 1864இல் வனத்துறையை நிறுவினர். ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் அதன் முதல் தலைமை ஆய்வாளர். 1878இல் இந்திய வனச்சட்டம் வந்தது; காடுகளைக் காப்புக்காடு என்றும் பாதுகாக்கப்பட்ட காடு என்றும் வகைப்படுத்தி, அதுவரை மக்கள் துய்த்துவந்த உரிமைகளை அரசு தரும் சலுகைகளாக மாற்றியது அச்சட்டம். அதே 1878இல் டேராடூனில் வனப்பள்ளி திறக்கப்பட்டது. சென்னை மாகாணத்துக்கெனத் தனி வனச்சட்டம் 1882இல் வந்தது. கோயம்புத்தூரில் வனக்கல்லூரி 1912இல் அமைந்தது. உரிமையைப் பறித்த கையும் பாடம் நடத்திய கையும் ஒரே உடலுக்குரியவை என்பதைக் காட்ட இந்த ஆண்டுகளே போதும்.

அப்பயிற்சியின் அடுக்குமுறையைக் கவனிக்க வேண்டும். உயர் அதிகாரிகள் முதலில் பிரான்சின் நான்சி நகரிலும், 1885 முதல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலும் படித்து வந்தனர். வனச்சரகர் நிலையினர் டேராடூனில் பயின்றனர். அதற்குக் கீழே காவல் பார்த்தவர்களுக்குப் பள்ளியே இல்லை, பணியிடமே பள்ளி. அவர்களுக்கும் கீழே, மரம் வெட்டவும் தீத்தடுப்புக் கோடு செதுக்கவும் சுமை தூக்கவும் அழைக்கப்பட்டவர்கள்தாம் காட்டை உண்மையில் அறிந்தவர்கள். அறிவு கீழிருந்து மேலே சென்றது. ஆணை மேலிருந்து கீழே வந்தது. வருணத்துக்குப் பழகிய ஒரு நாட்டில் இந்த அடுக்கு விநோதமாகத் தோன்றவில்லை என்பதில் வியப்பில்லை.

விடுதலைக்குப் பின் 1966இல் இந்திய வனப்பணி உருவாக்கப்பட்டது. இட ஒதுக்கீடு வந்ததால் தலித், பழங்குடி அதிகாரிகளும் அதில் நுழைந்தனர். அது பெரிய மாற்றம், அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் நுழைவாயிலின் வடிவம் மாறவில்லை. அப்பணிக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், வனவியல், வேளாண்மை, பொறியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் பட்டம் வேண்டும். தேர்வானவர்கள் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். அந்த நடையில் நம் பிள்ளைகள் தோற்கமாட்டார்கள். அவர்களில் பலர் வடிகட்டப்படுவது அதற்கு வெகு முன்னால், பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காமல் போகும் நாளிலேயே. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டம் படிக்கவும் அதே அறிவியல் பிரிவுதான் சாவி. அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் ஆய்வகமோ அறிவியல் ஆசிரியரோ இல்லாத ஒரு மலைக்கிராமத்து மாணவி, தன் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் காட்டைப் படிக்கும் தகுதியை அன்றே இழந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் வனத்துறைக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு எந்த எல்லைவரை சென்றது என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத் தேடுதல் என்னும் பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதிசெய்தது. அந்த அலுவலர்களில் வனத்துறையினர் முறையாகப் பயிற்சி பெற்றவர்களே. மரத்தை அடையாளம் காணக் கற்பித்த பயிற்சி, மனிதரைக் காணக் கற்பிக்கவில்லை.

ஐம்பது மணி நேரத்தில் ஐந்து

இன்று கல்லூரியில் படிக்கும் வாசகர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் கல்வி என்னும் கட்டாயத் தாளைக் கடந்து வந்திருப்பீர்கள். அதன் பின்னணியில் ஒரு வழக்கு உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலை எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க உத்தரவிட்டது. 2003இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகளுக்கு வகுத்த பாடத்திட்டத்தில் மொத்தம் ஐம்பது மணி நேரம். அதில் களப்பணிக்கு ஐந்து மணி நேரம். அந்த ஐந்தும் பல கல்லூரிகளில் ஒரு பூங்காவுக்கோ மிருகக்காட்சி சாலைக்கோ போய்வந்து ஒப்பேற்றப்பட்டதை மாணவர்களே நன்கறிவர்.

நேரக்குறைவைவிடப் பெரிய குறை உள்ளடக்கத்தில் இருந்தது. பாடத்திட்டம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தது. 2006இல் நாடாளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம் அப்பாடத்திட்டத்துக்குப் பிந்தியது. ஆகவே அது இடம்பெறவில்லை. ஆண்டுக்கணக்கில் மாணவர்கள் காட்டை விலங்குகளின் இருப்பிடமாகவும் மக்களை அதற்கு நேரும் ஆபத்தாகவும் படித்து வெளியேறினர். சாதி என்னும் சொல்லைச் சூழலியல் பாடப்புத்தகத்தில் தேடினால் கண் வலிக்கும்.

இதைப் பாடத்திட்டம் எழுதியவர்களின் மறதி என்று நாம் கருதவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகத் நகரின் சவதார் குளத்தில் இறங்கி நீரருந்தினார். ஒரு பொது நீர்நிலையை யார் தொடலாம் என்பதைவிடச் சூழலியலின் அடிப்படைக் கேள்வி வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் இந்தியச் சூழல் இயக்க வரலாற்றைச் சொல்பவர்கள் சிப்கோவிலிருந்து தொடங்குவார்கள். மகத்தை ‘சமூகப் பிரச்சினை’ என்னும் வேறு அலமாரியில் வைத்துவிடுவார்கள். இந்தப் பிரிவினையை முகுல் சர்மா சாதியும் இயற்கையும் பற்றிய தம் 2017ஆம் ஆண்டு ஆங்கில நூலில் விரிவாகவே விவாதித்திருக்கிறார். அந்நூலைத் தமிழில் கொண்டுவர யாரேனும் முன்வந்தால் நம் வாசிப்பு வட்டங்களுக்கு நல்லது.

வேறொரு நாட்டின் முகாம்

இளைஞர்களுக்கு வனப்பணியை முகாம் அமைத்துக் கற்பித்த உலகின் பெருந்திட்டங்களுள் ஒன்றைப் பார்ப்பது இங்கே உதவும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933இல், அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்னும் இளைஞர் வனப்படையைத் தொடங்கினார். வேலையற்ற, மணமாகாத இளைஞர்கள் முகாம்களில் தங்கினர். மரம் நட்டனர், தீயணைத்தனர், மண்ணரிப்பைத் தடுத்தனர், பூங்காக்களுக்குப் பாதை அமைத்தனர். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. மாலையில் எழுத்தறிவு வகுப்பும் தொழில் வகுப்பும் நடந்தன. 1942இல் மூடப்படும் வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் பணியாற்றினர். 300 கோடி மரங்கள் நடப்பட்டதாகக் கணக்கு.

அத்திட்டத்துக்கான சட்டத்திலேயே இனப் பாகுபாடு கூடாது என்னும் வாசகம் இருந்தது. அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட் போராடிச் சேர்த்த வாசகம் அது. நடைமுறை என்னவாயிற்று? கறுப்பின இளைஞர் சேர்க்கைக்கு மக்கள்தொகை விகிதத்தைக் காட்டி உச்சவரம்பு கட்டப்பட்டது. 1935இல் திட்ட இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் முகாம்களையே தனித்தனியாகப் பிரிக்க ஆணையிட்டார். கறுப்பின முகாம் தங்கள் ஊருக்கருகே வேண்டாமென்று வெள்ளையர் ஊர்கள் மனுக்கொடுத்தன. அப்படியும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கறுப்பின இளைஞர்கள் அதில் பயிற்சி பெற்றனர். வீட்டுக்குப் போன 25 டாலர் பல குடும்பங்களைக் காத்தது. ஆனால் மண்வெட்டி அவர்கள் கைக்கு வந்த வேகத்தில் முகாம் நடத்தும் பொறுப்பு வரவில்லை. கெட்டிஸ்பர்க் போன்ற வெகுசில முகாம்களில்தான் கறுப்பின அதிகாரிகள் தலைமை ஏற்க முடிந்தது. பெண்களுக்கோ அப்படையில் இடமே இல்லை.

பாகுபாட்டைத் தடுக்கும் வாசகம் சட்டத்தில் இருப்பதும் முகாமின் சமையலறையில் இருப்பதும் வேறு வேறு என்பதை நாம் அமெரிக்காவிலிருந்து கற்க வேண்டியதில்லைதான். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பகுதியில் தலித் பெண் ஒருவர் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கக் கூடாதென்று சாதியினர் தடுத்தனர். சத்துணவுக்கே இந்நிலை என்றால், பத்து நாள் காட்டு முகாமில் யார் சமைப்பது, யார் தண்ணீர் மொண்டு வருவது, யார் கழிவறைக் குழி தோண்டுவது, யார் ‘குழுத் தலைவர்’ என்று சட்டையில் குத்திக்கொள்வது என்பவை சிறிய கேள்விகள் ஆகா. இயற்கை முகாம் நடத்துவோர் வழிகாட்டி ஏடுகளில் பாம்புக்கடிக்கு முதலுதவி இருக்கும். சாதி இழிவு நேர்ந்தால் என்ன செய்வது என்னும் பக்கம் இருக்காது.

போங்கிர்ப் பாறையிலிருந்து

நம் அண்டை மாநிலம் ஒன்று இதில் வேறு வழியைக் காட்டியது. 2014 மே 25 அன்று, தெலங்கானா மாநிலம் பிறப்பதற்கு எட்டு நாள் முன்பு, சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர்கள் இருவர் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். ஒருவர் நிசாமாபாத் மாவட்டத்துப் பழங்குடிப் பெண் மாலாவத் பூர்ணா. அப்போது அவருக்கு வயது பதினான்குகூட நிரம்பவில்லை. மற்றவர் கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர் ஆனந்த் குமார். மிதிவண்டி பழுதுபார்ப்பவரின் மகன். தேசியக் கொடியோடு அம்பேத்கரின் படத்தையும் எஸ்.ஆர். சங்கரனின் படத்தையும் அவர்கள் உச்சிக்குக் கொண்டு சென்றனர். தலித் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளை வளர்த்தெடுத்த ஆட்சிப்பணி அதிகாரி சங்கரன் தமிழர் என்பது நம்மில் பலருக்கு நினைவிருப்பதில்லை.

பூர்ணாவின் கதையைத் திரைப்படம் ஆக்கினார்கள். 2022இல் அவர் ஏழு கண்டங்களின் உயரமான சிகரங்களையும் ஏறி முடித்தார். நமக்கு முக்கியமாகப் படுவது சிகரம் அன்று. பதின்மூன்று வயதுக் குழந்தையை அந்த உயரத்துக்கு அனுப்பியது சரிதானா என்னும் கேள்வியை எளிதில் ஒதுக்கவும் நாம் விரும்பவில்லை. நேபாளத்தில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லாததால் திபெத் பக்கமாகவே அவர்கள் ஏற வேண்டியிருந்தது. நாம் பார்க்க வேண்டியது அடிவாரத்தை. அப்பள்ளிகளின் செயலராக இருந்த காவல்பணி அதிகாரி ஆர்.எஸ். பிரவீண் குமாரின் முனைப்பில், நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள போங்கிர்ப் பாறையில் ஏறப் பழகினர். அவர்களில் சிலர் டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்றனர். அவர்களிலும் சிலர் லடாக் சென்றனர். இறுதியில் இருவர். உச்சிக்குப் போகாத அந்த நூறு பேர்தாம் அத்திட்டத்தின் உண்மையான விளைச்சல். அரசு விடுதியில் வளரும் தலித் பிள்ளைக்குப் பாறையையும் கயிற்றையும் பனியையும் பாடமாக வைக்கலாம் என்று ஒரு நலத்துறை முடிவுசெய்தது. அதற்குப் பணம் ஒதுக்கியது. மாணவர்களை ஏழைகள் என்று பரிதாபப்படாமல் ஏறுபவர்கள் என்று நம்பியது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நல விடுதிகளின் செய்தி நாளிதழில் வருவதென்றால் கூரை ஒழுகுவதும் உணவு கெட்டதும்தான் வருகின்றன. ஏலகிரியும் கொல்லிமலையும் சிறுமலையும் நம்மிடம்தான் இருக்கின்றன.

இங்கே கயிறு என்னும் சொல்லை நிறுத்திப் பார்க்கலாம். தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டப்படும் வண்ணக் கயிறு எதன் அடையாளம் என்று விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது செய்தியானது. அதே அறிக்கை எல்லாச் சமூக மாணவர்களையும் கொண்ட ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்றைச் சீருடையோடும் பயிற்சியோடும் உருவாக்கச் சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பாறையேற்றத்தில் ஒருவர் ஏறும்போது கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும்; பிடி தளர்ந்தால் மேலிருப்பவர் உயிர் போகும். யார் கயிற்றை யார் பிடிப்பது என்பதை ஆசிரியர் தீர்மானிக்கலாம். அணிவகுப்பும் உறுதிமொழியும் செய்யாத வேலையை அது செய்யுமா என்று நம்மால் சத்தியம் செய்ய முடியாது. அந்தப் படைக்கு வெறும் கவாத்துக்குப் பதிலாகக் காடும் பாறையும் பாடமாகட்டும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு என்று மட்டும் சொல்வோம்.

வெளிப்புறப் பயிற்சியை நாம் கேட்பது ஆபத்தை அறியாமல் அன்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு மலையேற்றத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. அதில் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனாலும் கட்டணம் செலுத்தி ஏறுபவர் யார், கூலிக்கு வழிகாட்டுபவர் யார் என்று பார்த்தால் பழைய அடுக்கு புதிய காலணி அணிந்து வருவதுபோலத் தோன்றுகிறது. அத்தடங்களில் ஆண்டுக்குச் சில நாட்களை அரசு விடுதி மாணவர்களுக்கெனக் கட்டணமின்றி ஒதுக்குவதற்கு அரசாணை ஒன்று போதும்.

காட்டறிவே சாட்சியம்

இளைஞர்களுக்கு இத்திறன்கள் எதற்கு என்னும் கேள்விக்கு வேலைவாய்ப்பு, தன்னம்பிக்கை ஆகியவற்றைத் தாண்டிய ஒரு விடை வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் கிராமசபைக்கு அச்சட்டம் உரிமை தருகிறது. உரிமை கோருவோர் எல்லையைக் காட்ட வேண்டும், வரைபடம் வேண்டும், சான்று வேண்டும். 2008ஆம் ஆண்டு விதிகள் ஏற்கும் சான்றுகளில் பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், முதியோர் வாக்குமூலம் ஆகியவையும் உண்டு. ஆக, புவியிடங்காட்டிக் கருவியைக் கையாளவும், மரங்களைக் கணக்கெடுக்கவும், பாட்டியின் சொல்லைக் கேட்டு முறையாக எழுதவும் தெரிந்த ஓர் இளைஞர் குழு ஒரு கிராமசபைக்கு வழக்கறிஞரைவிடப் பெரிய பலம். மராட்டிய மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தின் மேந்தா லேகா கிராமம் 2009இல் ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்கத் தொடங்கியது. அக்கிராமத்தார் பல ஆண்டுகள் தங்கள் காட்டைத் தாங்களே படித்ததன் தொடர்ச்சி அது.

பழங்குடிகளின் வரலாறும் தலித்துகளின் வரலாறும் காட்டைப் பொறுத்தவரை ஒன்றல்ல. அதை மறைத்துப் பேசுவது எவருக்கும் நன்மை தராது. பழங்குடிகளைக் காட்டுக்குரியவர்கள் என்று ஒப்புக்கொண்டே வெளியேற்றினார்கள். தலித்துகளைக் காட்டுக்கே சம்பந்தமில்லாதவர்கள் என்று சொல்லி வெளியேற்றுகிறார்கள். வன உரிமைச் சட்டத்திலும் காட்டில் வாழும் தலித்துகள் ‘இதர பாரம்பரிய வனவாசிகள்’ என்னும் பிரிவில் வருகின்றனர். 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். சொந்த நிலமோ பட்டாவோ மறுக்கப்பட்டவரிடம் முக்கால் நூற்றாண்டுக்கு ஆவணம் கேட்கிறது சட்டம்.

மாஞ்சோலையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு ஒரு தேயிலை நிறுவனத்திடம் சென்றது. காட்டைத் திருத்தித் தேயிலை நட அழைத்துவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் சென்றவர்களில் பதினேழு பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. இப்போது அந்நிலம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காடாகத் திரும்புகிறது. 2024இல் தோட்டத்தை மூடும் நடவடிக்கை தொடங்கியது; அங்கேயே வாழ விடுமாறு கோரிய வழக்குகளில் தொழிலாளர்களின் கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1929 பிப்ரவரியிலிருந்து 2005 டிசம்பர்வரை எண்ணினால் 76 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. தொடக்கத்திலேயே மலையேறிய குடும்பங்களுக்குச் சட்டத்தின் கணக்குக்கூடப் பொருந்துகிறது. ஆனால் கூலியாக வாழ்ந்தவரை வனவாசியாகக் காண அரசுக்கு மனம் வரவில்லை.

அம்மலையில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் யானை எந்த மாதத்தில் எந்த வழியாக இறங்கும் என்பதை அறிவார்கள். எந்த ஓடை கோடையிலும் வற்றாது, தேயிலைச் செடி பராமரிப்பின்றி விடப்பட்டால் எந்தக் களை முதலில் எழும், எந்தச் சரிவில் மண் நிற்காது என்பவற்றை அறிவார்கள். தேயிலைக் காட்டைச் சோலைக்காடாக மாற்றுவதென்பது செடிகளைப் பிடுங்கிவிட்டு நகர்வதன்று. தாய்மரங்களைக் கண்டு விதை சேகரித்து, நாற்றங்கால் அமைத்து, அந்நியக் களைகளை ஆண்டுதோறும் அகற்றி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கவனிக்க வேண்டிய வேலை அது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வனவியல் பட்டயப் படிப்பும் ஊதியத்தோடு களப்பயிற்சியும் தந்து, அந்த மீட்டெடுப்புப் பணியில் நிரந்தரப் பணியாளர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் அமர்த்த வேண்டும் என்று நாம் கோருகிறோம். வீடும் இழப்பீடும் கேட்கும் போராட்டத்துக்கு இது மாற்றாகாது. அதனோடு சேர்ந்து வைக்க வேண்டிய கோரிக்கை.

அதோடு, கல்லூரி மாணவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தத்தம் மாவட்ட வன அலுவலகத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் சில கேள்விகளை அனுப்பலாம். கடந்த ஐந்தாண்டுகளில் அரசு நிதியில் நடந்த இயற்கை முகாம்கள் எத்தனை? அவற்றில் பங்கேற்ற பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர்? ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்தும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்தும் எத்தனை பேர் அழைத்துச் செல்லப்பட்டனர்? அம்மாவட்டத்தில் பத்தாண்டுக்கு மேல் பணிசெய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் இன்னும் நிரந்தரமாக்கப்படாதவர் எத்தனை பேர்? விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் விடை தந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.